பொங்கல் பானை ஏன் வாசலுக்கு வருகிறது?

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைச் சாமி அறையில் அடுக்குகிறோம். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரை வீட்டுக்குள் மனைப்பலகையில் உட்காரவைக்கிறோம். பொங்கலுக்கு மட்டும் அடுப்பே வாசலுக்கு வந்துவிடுகிறது. கூரை இல்லாத இடத்தில், வெயில் விழும் தரையில் மூன்று கல் கூட்டி, புதுப் பானை ஏற்றி, அங்கேயே சமைத்து அங்கேயே படைக்கிறோம். படையலை ஏற்பவர் எதிரே வானத்தில் நிற்கிறார். விக்கிரகம் தேவையில்லை. மந்திரம் தெரிந்தவர் வந்து நடத்தித்தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டின் மூத்த பெண்மணி கைநிறைய அரிசியை அள்ளி, சூரியனுக்குக் காட்டிவிட்டுப் பானையில் இடுகிறார். வழிபாடு தொடங்கிவிட்டது.

பொங்கலைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டை உற்றுப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும் என்பது என் எண்ணம். வானத்தை மட்டும் பார்த்தால் பொங்கல் ஒரு பஞ்சாங்க நாள். வயலை மட்டும் பார்த்தால் அது அறுவடை விருந்து. இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்வதால்தான் அது பொங்கல். அந்தச் சேர்க்கை எப்படி நிகழ்கிறது, அது நம் சடங்குகளில் எங்கெல்லாம் தெரிகிறது என்று பார்ப்போம்.

நிலவைப் பார்க்காத பண்டிகை

தீபாவளி ஓர் ஆண்டு அக்டோபரில் வரும், அடுத்த ஆண்டு நவம்பருக்குத் தள்ளிப்போகும். அது திதியைப் பார்த்து, அதாவது நிலவின் வளர்பிறை தேய்பிறைக் கணக்கில் வருகிறது. நம் பண்டிகைகளில் மிகுதியானவை அப்படித்தான். பொங்கல் நிலவைப் பார்ப்பதே இல்லை. அதன் கணக்கு முழுவதும் சூரியனுடையது.

சூரியன் ஓர் ஆண்டில் விண்மீன்களிடையே சுற்றிவருவதுபோல் நமக்குத் தெரியும் பாதையைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு ராசி என்கிறார்கள். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவது சங்கராந்தி. தமிழ் மாதங்கள் இந்தச் சங்கராந்திகளை வைத்தே பிறக்கின்றன. மேஷத்தில் நுழைந்தால் சித்திரை, கடகத்தில் நுழைந்தால் ஆடி, மகரத்தில் நுழைந்தால் தை. அந்தத் தை முதல் நாளே பொங்கல். வடக்கே இதே நாளை மகர சங்கராந்தி என்கிறார்கள்.

சூரியக் கணக்கு என்பதால்தான் பொங்கல் ஆங்கில நாட்காட்டியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறது. 2024இல் ஜனவரி 15, 2025இல் ஜனவரி 14. ஒரு நாள் முன்பின்னாவதற்குக் காரணம் எளிது. விண்மீன்களை வைத்துப் பார்க்கும் சூரிய ஆண்டு 365 நாள், 6 மணி, சுமார் 9 நிமிடம். ஆகவே சங்கராந்தி ஒவ்வோர் ஆண்டும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும். லீப் ஆண்டின் கூடுதல் நாள் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். தமிழ்நாட்டு வழக்கில், சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரம் வேறுபடுவதால், சில ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு நாளைச் சொல்வதும் உண்டு.

தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்றும் சொல்கிறோம். உத்தராயணம் என்பது சூரியன் வடக்கு நோக்கி நகரும் ஆறு மாதம். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று, சூரியன் எந்தத் தென்னைக்கு அல்லது எந்தக் கட்டடத்துக்கு நேராக எழுகிறது என்று வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்த இடம் தெற்கே போய்க்கொண்டே இருக்கும். மார்கழியில் ஓரிடத்தில் நின்று, பின் வடக்கே திரும்பும். மகாபாரதத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது இந்தத் திரும்புதலுக்காகத்தான். சூரியன் தெற்கு நோக்கி நகரும் தட்சிணாயனம் தேவர்களுக்கு இரவு, உத்தராயணம் அவர்களுக்குப் பகல் என்பது நம்பிக்கை. அந்த இரவு முடிகிற வைகறைதான் மார்கழி.

இங்கே கூர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். நாமோ மூன்று வாரத்துக்கு மேல் கழித்துக் கொண்டாடுகிறோம். முன்னோர் தவறாகக் கணித்துவிட்டார்களா? இல்லை. பூமி சுழலும்போது அதன் அச்சும், வேகம் குறைந்த பம்பரத்தின் தலைபோல, மிக மெதுவாக வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். இதனால் பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் குறைவு. அந்த 20 நிமிடம் சேர்ந்து சேர்ந்து, ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் இடைவெளி ஆகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் மகரத்தில் நுழைவதும் வடக்கே திரும்புவதும் ஒன்றாகவே நிகழ்ந்தன. அதன்பின் இரண்டும் மெல்ல மெல்ல விலகி, இன்று 24 நாள் அளவுக்கு வந்திருக்கின்றன. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது, ஆங்கில நாட்காட்டி பருவங்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த நகர்வு வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. நூற்றறுபது ஆண்டுகளில் அந்த நாள் 14க்கும் 15க்கும் வந்துவிட்டது.

வயலின் கணக்கு

வானத்தின் கணக்கு இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் தமிழ்நாட்டில் அது இவ்வளவு பெரிய பண்டிகையாக நிலைத்ததற்குக் காரணம் சம்பா நெல்.

காவிரிப் படுகையில் வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டு, ஜனவரி 28இல் மூடப்படும். ஆடி, ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விடுவார்கள். புரட்டாசி வாக்கில் நடவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பயிரை வளர்க்கும். மார்கழியில் மழை ஓய்ந்து, பனி விழுந்து, கதிர் முற்றும். தையில் அரிவாள் வைக்கலாம். விதை நெல்லாகக் கொடுத்தது, வட்டிக்கு வாங்கியது, மார்கழிக் கடைசியில் குதிர் காலியாகிக் கஞ்சியை நீட்டித்துக் குடித்தது எல்லாம் அந்த அறுப்போடு முடிவுக்கு வரும். ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்பதை இப்போது கல்யாணத்துக்கும் வேலைக்கும் சொல்கிறோம். அந்த நம்பிக்கையின் அடியில் இருப்பது நெல். கையில் நெல் வந்தபின்தான் கடன் தீரும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க முடியும், கூரை மாற்ற முடியும்.

இந்த இடத்தில் இன்றைய நிலையையும் சொல்லியாக வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. தண்ணீர் தாமதமானால் நடவு தாமதம். நடவு தாமதமானால் பொங்கலன்று பயிர் இன்னும் வயலில்தான் நிற்கும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் டெல்டா விவசாயி கடையில் வாங்கிய அரிசியில் பொங்கலிடுகிறார். பஞ்சாங்கம் தன் நாளில் வந்துவிடுகிறது. வயலுக்கு அந்த வசதி இல்லை.

போகி

மார்கழிக் கடைசி நாள் போகி. இந்திரனுக்குப் போகி என்று ஒரு பெயர் உண்டு, மழையைத் தந்த அவனுக்கான நாள் இது என்பார்கள். நடைமுறையில் இது வீட்டைத் துடைத்தெடுக்கும் நாள். வெள்ளையடித்து, பரணைக் காலிசெய்து, கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் விடியற்காலையில் வாசலில் போட்டுக் கொளுத்துவார்கள். சென்னையில் பிள்ளைகள் சின்ன மேளங்களைத் தட்டிக்கொண்டு தெருவெல்லாம் திரிவார்கள்.

அறுவடைக்கு முன் வீட்டைக் காலிசெய்வதற்குக் காரணம் இருக்கிறது. புது நெல் வந்து சேர இடம் வேண்டும். பழைய பாயிலும் மூட்டையிலும் இருக்கும் பூச்சி, புது நெல்லுக்கு ஏறக்கூடாது. எரிந்தவை கோரையும் ஓலையும் பருத்தித் துணியுமாக இருந்தவரை தீங்கில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தபிறகு போகிப் புகை நகரத்தின் மூச்சை அடைக்கிறது. 2018இல் சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் தாமதமாகவும் திருப்பிவிடப்படவும் அந்தப் புகையும் பனியும் காரணமாயின. டயர் எரிப்பது எந்த மரபிலும் இல்லை. பழைய பொருளைத் தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடுவதே இன்றைய போகிக்குப் பொருத்தமானது என்று உறுதியாக நம்புகிறேன்.

கொங்குப் பகுதியில் இந்த நாளுக்கு வேறோர் அழகு உண்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, வீட்டுக் கூரையிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவார்கள். காப்புக் கட்டுதல் என்று பெயர். மூன்றும் அந்த மாதத்தில் வேலியோரத்தில் காசில்லாமல் கிடைப்பவை, மூன்றும் நாட்டு வைத்தியத்தில் இடம்பெற்றவை.

சூரியப் பொங்கல்

தை முதல் நாள் விடிவதற்குள் வாசல் சாணமிட்டு மெழுகப்பட்டு, பெரிய கோலம் விழுந்திருக்கும். சில வீடுகளில் சூரியனையும் சந்திரனையும் கோலத்திலேயே வரைவார்கள். தென் மாவட்டங்களில் அடுப்புக்கென்று மண்ணால் மூன்று கட்டிகள் செய்து காயவைத்து, சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். அவற்றுக்குப் பொங்கல் கட்டி என்று பெயர். எரிக்கப் பனை ஓலை. ஓலை சட்டென்று பற்றிப் பெரும் சுடராக எரியும் என்பதால் பால் சீக்கிரம் பொங்கும், ஆனால் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து ஓலை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கிழங்கோடும் இலையோடும் கட்டுகிறோம். பக்கத்தில் கரும்புகளைச் சாய்த்து நிறுத்துகிறோம். பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றிக் காயவிட்டு, அது நுரைத்து விளிம்பைத் தாண்டி வழியும் நேரத்தில் வீடே கூடி ‘பொங்கலோ பொங்கல்’ என்று குரல் கொடுக்கிறது. சில ஊர்களில் சங்கு ஊதுவார்கள், சில ஊர்களில் பெண்கள் குலவையிடுவார்கள். பால் எந்தத் திசையில் முதலில் வழிகிறது என்று பார்த்து அந்த ஆண்டுக்குப் பலன் சொல்வதும் உண்டு. பிறகுதான் களைந்த பச்சரிசி பானைக்குள் போகும்.

ஏன் வழியவிட வேண்டும்? வேறெந்த நாளிலும் பால் பொங்கி வழிந்தால் வீட்டில் திட்டு விழும். இன்று வழிந்தால்தான் மகிழ்ச்சி. கொள்ளும் அளவுக்கு மேல் நிறைந்து வழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே இதில் உள்ள வேண்டுதல். மார்கழி முழுக்க அளந்து அளந்து அரிசி எடுத்த வீட்டில் அந்தக் காட்சிக்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

புத்தரிசிக்கும் இந்தச் சமையலுக்கும் நல்ல பொருத்தம். அறுத்துச் சில நாளே ஆன நெல்லின் அரிசி, சோறாக வடித்தால் குழைந்துபோகும். உதிரியான சோற்றுக்குப் பழைய அரிசிதான் வேண்டும். ஆனால் குழைவதுதான் பொங்கலுக்கு அழகு. புத்தரிசி எந்தப் பக்குவத்துக்கு ஏற்றதோ அதையே அதன் முதல் சமையலாக வைத்திருக்கிறார்கள். அரிசியோடு பாசிப்பருப்பு, வெல்லம், நெய் சேர்ந்தால் சர்க்கரைப் பொங்கல். பல வீடுகளில் இரண்டு பானை வைத்து, ஒன்றில் இனிப்பும் மற்றொன்றில் வெறும் வெண்பொங்கலும் செய்வார்கள்.

இனி வாழையிலையைப் பாருங்கள். எனக்குப் பொங்கலில் மிகவும் பிடித்தது இந்த இலைதான், ஏனென்றால் தை மாதத்து மண் என்ன தருகிறது என்பதற்கு அது ஒரு முழுப் பட்டியல். மொச்சையும் அவரையும் பனிக்காலத்தில் காய்ப்பவை. பூசணியும் பரங்கியும் மழைக்குப்பின் கொடியில் முற்றுபவை. சிறுகிழங்கு, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கருணை என்று கிழங்குகள் எல்லாம் மழையில் தடித்து, ஈரம் வற்றும்போது தோண்டப்படுபவை. பனங்கொட்டையைப் புதைத்துச் சில மாதம் கழித்து எடுக்கும் பனங்கிழங்கு இந்த நாளுக்குச் சரியாகத் தயாராகியிருக்கும். மஞ்சளும் இஞ்சியும் அறுவடைக்கு வரும் மாதம் இதுதான், ஆகவேதான் பச்சைக் கொத்தாகப் பானையில் கட்ட முடிகிறது. மேலூர், தஞ்சாவூர், கடலூர்ப் பக்கம் விளையும் கருநீலத் தோல் கொண்ட பன்னீர்க் கரும்பு பத்து மாதப் பயிர். ஆலைக்குப் போகாது, கடித்துத் தின்பதற்கு மட்டும். அதைப் பயிரிட்டவருக்கு ஆண்டு முழுவதற்குமான சந்தை இந்த ஒரு வாரந்தான். நாட்டுக் காய்களைத் தவிர வேறெதையும் பொங்கல் குழம்பில் சேர்க்காத வீடுகள் இன்றும் இருக்கின்றன. உருளைக்கிழங்கும் காரட்டும் அந்த இலைக்கு வருவதில்லை.

இலையில் படைத்து, கற்பூரம் காட்டி, இலையைச் சுற்றி நீர் விளாவி, கிழக்கு நோக்கிக் கும்பிட்டால் முடிந்தது. கண்ணுக்கு நேரே தெரியும் தெய்வத்துக்கு, அவர் வெளிச்சத்திலேயே விளைந்ததை, அவர் பார்க்கும்படி சமைத்துக் கொடுக்கிறோம். அதற்காகத்தான் பானை வாசலுக்கு வந்தது. கூரைக்குக் கீழே வைத்தால் சடங்கின் பாதி போய்விடும். சாதி, சமயம் கடந்து தமிழ்நாட்டில் இந்தப் பண்டிகை பரவியதற்கும் இந்த எளிமை ஒரு காரணம் என்று கருதுகிறேன். தேவாலய வளாகங்களில் பானை வைத்துப் பொங்கலிடும் கிறிஸ்தவ ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன.

தையை ஒட்டி இன்னொரு வழக்கும் உண்டு, நகரத்தில் பலருக்கு இது தெரியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் மார்கழி முழுக்க வாசல் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். மாலையில் அந்தச் சாணத்தைப் பூவோடு வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தை பிறந்தபின் சிறுமிகள் முற்றத்தில் மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டி, அதற்குள் தாங்களே பொங்கலிட்டு, சேர்த்த வறட்டிகளை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். இதற்குச் சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். ஒரு மாதத்துக் கோலம் முழுவதும் ஆற்றோடு போய்ச் சேர்கிறது.

மாட்டுப் பொங்கல்

இரண்டாம் நாள் தொழுவத்துக்கு உரியது. டிராக்டர் வருமுன் உழவில் மாடு செய்யாத வேலை எது? ஏர் இழுத்தது, கிணற்றிலிருந்து கவலை என்னும் ஏற்றத்தில் நீர் இறைத்தது, அறுத்த கதிரைக் களத்தில் மிதித்து நெல்லைப் பிரித்தது, மூட்டையை வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோனது, சாணத்தை உரமாகத் தந்தது எல்லாம் அதுதான். ஆகவே அதற்கென்று முழுதாக ஒரு நாள். குளத்தில் குளிப்பாட்டி, கொம்பு சீவி வண்ணம் பூசி, சலங்கையும் புது மூக்கணாங்கயிறும் மாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, பொங்கலும் கரும்பும் வாழைப்பழமும் ஊட்டுவார்கள். பிறகு தொழுவத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டே ‘பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக’ என்று சொல்லிவருவார்கள். கொங்கு நாட்டில் இதுவே பட்டிப் பொங்கல். பட்டியில் மண்ணால் சிறு தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்பி, மாட்டை அதில் இறக்கி நடத்துவார்கள்.

சிவன் நந்தியிடம், ‘தினமும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மாதம் ஒருமுறை சாப்பிடுங்கள் என்று பூலோகத்தில் சொல்லிவிட்டு வா’ என்று அனுப்பினாராம். நந்தி மாற்றிச் சொல்லிவிட்டது. ‘தினமும் சாப்பிடச் சொல்லிவிட்டாயே, அவ்வளவு உணவை அவர்கள் எப்படி விளைவிப்பார்கள்? நீயே போய் உழு’ என்று சிவன் அனுப்பிவிட்டார் என்பது கதை. குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஆனால் இந்தக் கதை தெரியாதவரும் மாட்டைக் குளிப்பாட்டத்தான் செய்கிறார். இப்போது பல ஊர்களில் மாட்டோடு சேர்த்து டிராக்டருக்கும் மாலை போடுகிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது, உழைத்தது அதுவும்தானே.

அன்று காலையில் பெண்கள் வைப்பது கனுப்பிடி. மொட்டை மாடியிலோ ஆற்றங்கரையிலோ மஞ்சள் இலையை விரித்து, மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் சோற்றைச் சிறு சிறு பிடிகளாக வைத்துக் காகத்துக்கு அளிப்பார்கள். காக்கைக் கூட்டம்போல் தங்கள் உடன்பிறந்தார் குடும்பங்களும் கலையாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். முதல் நாள் பானையில் கட்டிய மஞ்சளை எடுத்துப் பெரியவர்கள் இளையவர்களின் நெற்றியில் கீற்றாகத் தேய்த்து வாழ்த்துவதும் அப்போதுதான். மணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள், துணி என்று பொங்கல் சீர் வரும். முதல் ஆண்டுச் சீர் தலைப்பொங்கல் சீர். நெல்லைப் பக்கத்தில் இதைப் பொங்கப்படி என்கிறார்கள்.

ஜல்லிக்கட்டும் இந்த நாட்களில்தான். மதுரையைச் சுற்றி அவனியாபுரத்தில் தை முதல் நாள், பாலமேட்டில் இரண்டாம் நாள், அலங்காநல்லூரில் மூன்றாம் நாள் நடக்கிறது. ஏறு தழுவுதல் என்ற பெயரில் இதன் பழைய வடிவம் கலித்தொகையின் முல்லைக்கலியில் விரிவாக வருகிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள், மாநிலம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

நன்றி என்ற பேச்சு வரும்போது மனிதர்களையும் சொல்ல வேண்டும். களத்தில் நெல் அளந்ததும் கொல்லர், தச்சர், சலவை செய்பவர், முடி திருத்துபவர் ஆகியோருக்கு மரக்கால் கணக்கில் பங்கு போகும். நிலமே இல்லாமல் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்தவர்களில் மிகுதியானோர் தலித் மக்கள். அவர்கள் பண்ணை வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்று பொங்கல் நெல்லும் வேட்டியும் வாங்கிப்போன காலம் வெகு தொலைவில் இல்லை. சூரியனை முன்வாசலில் வைத்துக் கும்பிட்ட வீடுகள், கதிர் அறுத்த கைகளைப் பின்வாசலுக்கு அனுப்பின. உழவர் திருநாள் என்ற பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கைகள் நினைவுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

மூன்றாம் நாள், தை மூன்று, காணும் பொங்கல். பெரியவர்களைப் போய்ப் பார்ப்பது, உறவினரோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்கோ கடற்கரைக்கோ போவது. சென்னையில் மெரினாவும் வண்டலூரும் அன்று நிரம்பி வழியும். தமிழ்நாடு அரசு இரண்டாம் நாளைத் திருவள்ளுவர் நாளாகவும் மூன்றாம் நாளை உழவர் திருநாளாகவும் விடுமுறை தந்து கொண்டாடுகிறது.

மற்ற ஊர்களில்

அதே சூரியன், வேறு விளைச்சல். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் போகி, சங்கராந்தி, கனுமா என்று மூன்று நாள், போகியன்று குழந்தைகள் தலையில் இலந்தைப்பழத்தைச் சொரிவார்கள். கர்நாடகத்தில் எள்ளும் வெல்லமும் வேர்க்கடலையும் கொப்பரையும் கலந்து வீடுவீடாகக் கொடுப்பார்கள். மகாராஷ்டிரத்தில் எள்ளுருண்டை. குஜராத்தில் பட்டம். பஞ்சாபில் முதல் நாள் இரவு நெருப்பு மூட்டி லோஹ்ரி. அசாமில் மாக் பிஹு. வங்கத்தில் அரிசிமாவும் புது வெல்லமும் சேர்ந்த பிட்டே, கங்கை கடலில் கலக்கும் இடத்தில் பெரும் நீராடல். வடக்கே குளிர் கடுமை என்பதால் எள்ளும் வெல்லமும் நெருப்பும் முன்னே வந்திருக்கின்றன. நம்மிடம் நெல் முன்னே நிற்கிறது.

இலங்கையில் தைப்பொங்கல் அரசு விடுமுறை. யாழ்ப்பாணத்தில் முற்றத்தை மெழுகி, உலக்கையை வைத்து அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி நேர்கோடு போட்டுச் சதுரக் கோலமிட்டு, கும்பம் வைத்து, அதன் நடுவே பொங்குவார்கள். மறுநாள் பட்டிப் பொங்கல்.

முதன்முறை பொங்கலிடுபவருக்கு

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வெயில் விழும் இடமாகப் பார்த்துச் சிறிய அடுப்பை வைத்துக்கொள்ளலாம். குனிந்து ஊதி எரிக்க விறகு கிடைக்காவிட்டால் கேஸ் அடுப்பு போதும், வானம் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். மண் பானை என்றால் முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள், புதுப் பானையை அப்படியே தீயில் வைத்தால் விரிசல் விடும். வெண்கலப் பானையோ எவர்சில்வர் பாத்திரமோ இருந்தாலும் குறையில்லை. கழுத்துள்ள பாத்திரமாக இருந்தால் மஞ்சள் கட்ட வசதி.

ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு பொடித்த வெல்லம். பாலும் தண்ணீரும் சேர்ந்து பானையில் முக்கால் அளவுக்கு இருந்தால்தான் பொங்கும். குறைவாக ஊற்றினால் நுரை விளிம்புவரை வராமல் அடங்கிவிடும். பொங்கி வழிந்ததும் தீயைக் குறைத்து, கொஞ்சம் பாலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு அரிசியையும் பருப்பையும் சேருங்கள். இறுகும்போது அந்தப் பாலையே திரும்ப ஊற்றலாம். அடிக்கடி கிளற வேண்டும், அடி பிடித்தால் வாசனை முழுவதும் கெட்டுவிடும். அரிசி விரலில் நசுங்கும் அளவுக்கு வெந்தபின்பே வெல்லம் போட வேண்டும், வெல்லம் விழுந்தபின் அரிசி அதற்கு மேல் வேகாது. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் மண் இருக்காது. கடைசியில் நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய்ப் பொடி. ஒரு சிட்டிகை பச்சைக்கற்பூரம் போடுவது உங்கள் விருப்பம்.